வரப்புக்கு ஆறு வரிசை

இலவசம் என்று காதில் விழுந்தால் எங்கள் பக்கத்து ஜனம் முதலில் கேட்பது, "இன்னா குடுக்கறாங்க?" என்பதுதான். அரிசி, சர்க்கரை, வேட்டி, சேலை, வெள்ளம் வந்தால் பாய் போர்வை என்று வாங்கிப் பழகிய கை. அதில் தப்பொன்றும் இல்லை. மாசி முதல் வாரம் கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவுக்கு மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. புதுச்சேரி நகரம் முழுக்க ஒன்பது நாள் கலைத் திருவிழா, நாடகம், நாட்டியம், பாட்டு, ஓவியம், எல்லாமே இலவசம், இதுவரை வராதவர்களே வாருங்கள், கிராமங்களுக்கு வேன் உண்டு என்று கத்திவிட்டுப் போனது. அதைக் கேட்ட கையோடு எங்கள் ஊரில் நடவுக்குப் போகிற சின்னபொண்ணு சிவப்பு ரேஷன் கார்டை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பெரிய கட்டைப்பையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் சாமிநாதனைத் தேடிக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு வந்தாள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரும்பில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

"இன்னா சின்னபொண்ணு, பை நெறைஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"அட போண்ணே. ஒரு டம்ளர் மோரு குடுத்தாங்க. ஒரு பேப்பர குடுத்து டிக் போடச் சொன்னாங்க. கார்டே வேணாவாம். ஏம்மா, ஒண்ணும் குடுக்காததுக்கு எதுக்கு இலவசம்னு சொன்னீங்கன்னு கேட்டேன், அந்தப் பொண்ணு சிரிக்குது. அத்த வுடுண்ணே. நான் அண்ணிய பாத்தேன்."

"எந்த அண்ணிய?"

"எந்த அண்ணியாம். நம்ம தனக்கொடி அண்ணியத்தான். இம்மாம் பெரிய படம், செவுரு முழுக்க. பாகூர் ஏரிக்கர கழனில நாங்க அஞ்சு பேரும் நடுறோம். நானு, பிரேமா, எல்லாரும் இருக்கறோம். கடைசில அண்ணி. உன் சட்டதான் போட்டுனு இருக்குது."

சாமிநாதன் கையில் இருந்த சோகையைக் கீழே போடவில்லை. அதன் கூர் உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் வந்ததைச் சின்னபொண்ணுதான் பார்த்துச் சொன்னாள்.

சாமிநாதனின் மனைவி தனக்கொடி கண்ணை மூடி, வருகிற திங்கட்கிழமையோடு ஒரு வருஷம். தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தவள், செம்பைக் கால் படாத இடமாகப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, அப்படியே மாட்டின் மேல் சாய்ந்தாள். அவ்வளவுதான். அன்றைக்குக் கறந்த பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதைச் சாமிநாதன் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இப்போது நடக்கிற சண்டையும் அவளைப் பற்றியதுதான். வருஷப் படையலுக்கு மாலை போட அவள் படம் ஒன்று இல்லை. இந்தக் காலத்தில் போட்டோ இல்லாத மனுஷி உண்டா என்றால், உண்டு. வாலிபத்தில் களத்தில் வழுக்கி விழுந்து முன்பல் ரெண்டு போனதிலிருந்து, போனைத் தூக்கினாலே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போடா அந்தாண்ட" என்று திரும்பிவிடுவாள். மகள் கல்பனா கல்யாண ஆல்பத்தில் மட்டும் நன்றாக விழுந்திருந்தாள். அந்த ஆல்பம் கல்பனா வாக்கப்பட்ட சோரியாங்குப்பத்தில் இருந்தது. தென்பெண்ணை உடைத்துக்கொண்டு வந்த வருஷம் வெள்ளத்தில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, பிரித்தபோது முகங்கள் எல்லாம் கரைந்து வந்தன.

மிஞ்சியது ஆதார் அட்டை. மகன் அருள்முருகன் அதைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணி, பிரேம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஆதாரில் கழுத்துக்கு மேல்தானே இருக்கும்? ஸ்டுடியோக்காரன் அந்தத் தலையை வேறு எவளுடைய உடம்பிலோ வைத்து, மாம்பழக் கலர் பட்டுச்சேலை, காசு மாலை, கையில் டஜன் வளையல் எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தான். சாமிநாதன் அதைப் பார்த்த நாளிலிருந்து அது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்த அருள்முருகன் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி ஆரம்பித்தான். கருவாட்டுக் குழம்பைச் சாமிநாதனே வைத்திருந்தார். உப்பு தூக்கல்.

"படையலுக்கு இன்னும் ஆறு நாளுதான் இருக்குது. அந்தப் படத்த மாட்டட்டுமா வேணாமாப்பா?"

"அது யாரு வூட்டுப் பொம்பளடா? மாட்டச் சொல்றியே."

"மூஞ்சி அம்மா மூஞ்சிதான?"

"ஆதாருக்கு அந்தப் புள்ள, வாயத் தொறக்காத, ஆடாத, முழின்னு அதட்டிச்சு. பயந்துனு உக்காந்திருந்தா. அந்த மூஞ்சியோட அவ வூட்ல ஒரு நாளு இருந்தாளா? சொல்லு."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற? ஒண்ணும் இல்லாத செவுத்துக்கு மாலை போடுறதா? மாமா வந்தா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேப்பாரு."

"நாளைக்கு நான் பாண்டிக்குப் போறேன்" என்றார் சாமிநாதன்.

கொல்லையில் சோகை பாதி கிடக்கிறது, நவரை நெல்லுக்குத் தண்ணி முறை வருகிறது, இவர் பாண்டிக்குப் படம் பார்க்கப் போகிறாராம் என்று மகன் முணுமுணுத்தான். அப்பா காதில் எதுவும் ஏறவில்லை.

கண்காட்சி கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. வேனில் போன எங்கள் ஊர் ஆட்கள் பதினோரு பேரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள். நாலு பேர் வந்து போகிற பெரிய இடம், படங்கள் வேறு மாட்டியிருக்கிறது, செருப்போடு எப்படிப் போவது? அவர்கள் விட்டிருந்ததைப் பார்த்துப் பின்னால் வந்த டவுன்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார்கள். உள்ளே ஏசி. தரை சில்லென்றிருந்தது.

சின்னபொண்ணு அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

அஞ்சு பெண்கள். குனிந்த அஞ்சு முதுகுகள். மேலே கறுத்த ஐப்பசி வானம், தூரத்தில் ஏரிக்கரை பனைகள். இடது ஓரத்தில் கடைசியாக நிற்கிறவள் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள். அந்தச் சட்டையின் வலது தோளில் காக்கி ஒட்டு. கரும்பு ஏற்றும்போது கிழிந்ததை அருள்முருகனின் பழைய பள்ளிக்கூட டவுசரைக் கத்தரித்துத் தனக்கொடி தைத்த ஒட்டு அது. நாற்றுமுடி வலது கையில், நடுவது இடது கையில். இடதுகைக்காரி நடுவில் நின்றால் பக்கத்தில் நடுகிறவளோடு முழங்கை முட்டும். அதனால் நடவு வரிசையில் அவளுக்கு எப்போதும் ஓரம்தான். படம் வரைந்தவன் இது எதுவும் தெரியாமலே எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தான்.

ஒரு வருஷமாகக் கனவில்கூட வராதவள், யாரோ ஊரான் வீட்டுச் சுவரில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். ஏய் தனக்கொடி என்று கூப்பிடச் சாமிநாதன் வாயெடுத்துவிட்டார். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

அங்கே விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அருள்மொழி என்று கழுத்து அட்டையில் பேர். அவள் வந்து, "இந்தப் படத்துக்குப் பேரு விடைபெறுதல்ங்க ஐயா. விவசாயத்த விட்டுப் போற பெண்கள். நம்மள திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டே இருக்காங்க. அந்த வலியத்தான் ஓவியர் காட்டியிருக்காரு" என்றாள்.

"இத வரைஞ்சவரு எங்கம்மா?"

"விஜயராஜ் சாரா? கடைசி நாள் வருவாரு. ஞாயித்துக்கிழமை."

"அவரு நேர்ல பாத்துத்தான வரைஞ்சிருப்பாரு? போட்டோ ஏதாச்சும் எடுத்திருப்பாரு இல்ல? மூஞ்சி தெரியறாப்ல?"

"அது அவரத்தான் கேக்கணும். ஏங்க ஐயா?"

"ஓரத்துல இருக்கறது என் வூட்டுக்காரி" என்றார் சாமிநாதன்.

அந்தப் பெண் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். காலையில் மாட்டைக் கறந்து, கூழைக் குடித்து, ஒரு பாத்தி தண்ணி திருப்பிவிட்டு, பத்து மணி வேனைப் பிடித்துவிடுவார். நாடகத்துக்கும் பாட்டுக்கும் இறங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ள, இவர் நேரே கிடங்குக்கு. படத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். கலை நிகழ்ச்சிக்கு இதுதான் முதல் முறையா? யார் சொல்லி வந்தீர்கள்? மீண்டும் வருவீர்களா?

நாலாம் நாள் அருள்மொழி சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஐயா, புது ஆளுங்க எத்தன பேரு வந்தாங்கன்னுதான் எங்கள கேக்கறாங்க. நீங்க ஒருத்தரே நாலு நாளா வர்றீங்க. உங்கள நாலு ஆளா எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கம்மா. தப்பில்ல."

"மீண்டும் வருவீர்களான்றதுக்கு?"

"நீங்க மாட்டி வச்சிருந்தா வருவேன்."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை அருள்முருகன் வெடித்துவிட்டான். பயிர் ஒரு மூலையில் வாடிப்போயிருந்தது, அவன் பார்த்துவிட்டான்.

"ஊரே சிரிக்குதுப்பா. பெருசு பாண்டிக்கு ஆர்ட் பாக்கப் போவுதுன்னு டீக்கடைல பேசறானுவ. முதுவதான தெரியுது? அத்த எத்தினி நாளு பாப்ப?"

"நாளைக்கு ஒரு நாளுதான்டா. அந்த ஆளு வராரு. அவருகிட்ட மூஞ்சி இருந்தாலும் இருக்கும். நீயும் வா. போன எடுத்துனு வா."

மூஞ்சி இருந்தாலும் இருக்கும் என்று அப்பா சொன்ன விதம் அவன் கோபத்தை இறக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு, பைக்கில் அவரையே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

உள்ளே போய்ப் படத்தின் முன் நின்ற அருள்முருகன் முதலில் கண்டது தன் டவுசர் துணியைத்தான். அஞ்சாங்கிளாஸில் போட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். பிறகு போனை எடுத்து நாலைந்து தடவை படம் பிடித்தான்.

விஜயராஜ் பதினோரு மணிக்கு வந்தார். நரைத்த தாடி, கதர்ச் சட்டை, சாதுவான மனுஷன். அருள்மொழி விஷயத்தைச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, வந்தவர் சாமிநாதனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆறேழு வருஷம் இருக்கும்யா. பாகூர் ஏரிக்கு வண்டிய எடுத்துட்டு அப்பல்லாம் அடிக்கடி வருவேன். வரப்புல உக்காந்து நோட்டுல கோடு போட்டேன். கலர் எல்லாம் பின்னால வீட்ல வச்சுத்தான் பண்ணேன்."

"போட்டோ எடுத்தீங்களா சார்?"

"இல்லீங்க. போட்டோ பாத்து வரையற பழக்கம் எனக்கு இல்ல."

"மூஞ்சி? மூஞ்சிய பாத்தீங்களா? ஞாபகம் இருந்தா ஒரு தாள்ல கோடு போட்டுக் குடுத்தாகூடப் போதும். நாளைக்கு அவளுக்குப் படையல்."

விஜயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பாக்கவே இல்லீங்கய்யா. முதுகுதான் பாத்தேன். அவங்க தள்ளிப் போயிட்டே இருந்தாங்க. மழை வேற வந்துடுச்சு. நோட்டு நனையுதுன்னு நான் எழுந்து வந்துட்டேன்."

"போவலியே சார்" என்றார் சாமிநாதன்.

"என்னங்க?"

சாமிநாதன் படத்துக்குக் கிட்டே போனார். தொடக்கூடாது என்று போர்டு இருந்ததால் விரலை ஒரு சாண் தள்ளியே வைத்துக் காட்டினார்.

"நட்டதெல்லாம் எங்க இருக்குது பாருங்க. அவங்களுக்கு அந்தாண்ட. காலி சேறு எங்க இருக்குது? இந்தாண்ட, நம்ம பக்கம். நட்டத மிதிச்சுனு முன்னால போவ முடியுமா? நடவுக்காரங்க பின்னாலதான் காலு வச்சு வருவாங்க. நீங்க உக்காந்திருந்த வரப்புக்குத்தான் சார் வந்துனு இருந்தாங்க. இதோ, இவ்ளோ சேறுதான் மிச்சம். ஆறு வரிச. ஆறு வரிச நட்டா வரப்பு. வரப்புல காலு இடிச்சதும் நிமுந்து திரும்புவாங்க."

விஜயராஜ் தன் படத்தையே புதுசாகப் பார்க்கிறவர் போல நின்றார்.

"மழ பேஞ்சா நாங்க நிறுத்த மாட்டோம் சார். சின்னபொண்ணக் கேளுங்க. அன்னிக்கும் நட்டு முடிச்சிருப்பாங்க. ஆறு வரிசைக்கு இன்னா நேரம் ஆவும், அஞ்சு நிமிஷம். நீங்க இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருக்கலாம் சார். திரும்பியிருப்பா."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அருள்முருகனால் தாங்க முடியவில்லை. அவன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, போலாம்" என்றான்.

"நின்னிருக்கணும்யா" என்றார் விஜயராஜ்.

அவர்கள் கிளம்பும்போது சாமிநாதன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாப் படங்களையும் இறக்கிவிடுவார்கள் என்று அருள்மொழி சொன்னாள். காகிதத்தை அன்றைக்கு அவள் நீட்டவில்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியில் அருள்முருகன் அதே ஸ்டுடியோ வாசலில் பைக்கை நிறுத்தினான். போனில் இருந்த படத்தைக் காட்டி, இதைப் பெரிசாகப் போட்டு, பீரோவுக்குப் பின்னால் கிடக்கிற படத்தின் அளவு பிரேமில் வேண்டும் என்றான். ஸ்டுடியோக்காரன் உதவி செய்கிற மனசுக்காரன். "முதுகுதான இருக்குது தம்பி? ஆதார் மூஞ்சி எங்கிட்ட இன்னும் இருக்குது. ஓரமா ரவுண்டா வச்சுத் தரட்டுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வைக்காத. இருக்கறபடி போடு" என்றான் அருள்முருகன்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டில் வேலை. கல்பனா சோரியாங்குப்பத்திலிருந்து முதல் பஸ்சுக்கே வந்துவிட்டாள். சின்னபொண்ணு வடைக்கு அரைத்தாள். தனக்கொடிக்குப் பிடித்த மொச்சைக் கொட்டைக் குழம்பு, முருங்கைக்கீரை, வெல்லம் போட்ட பச்சரிசிச் சோறு, எல்லாம் தலைவாழை இலையில் பரப்பினார்கள். சுவரில் படம். மாலை வாங்கி வைத்திருந்தது.

தனக்கொடியின் அண்ணன் அரிகிருஷ்ணன் கரியமாணிக்கத்திலிருந்து வந்தவர், படத்தைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை உதறினார். முறை தவறினால் பொறுக்க மாட்டாத ஆள். தங்கச்சி மேல் உயிர்.

"இன்னா மாப்ள இது? முதுவக் காட்டினு போறவளுக்கா மாலை போடுவீங்க? எந்த வூட்லயாவது உண்டா? அவ உங்க மேல கோவிச்சுனு போன மாதிரி இருக்குது. இத்த நடு வூட்ல வச்சுக் கும்பிட்டா வூட்டுக்கு ஆவாது. எடுங்க மொதல்ல."

சாமிநாதன் நேற்றே பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்ட மாதிரி, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அது போறது இல்ல" என்றான் அருள்முருகன். "நீயும் கழனி வச்சிருக்கறவன்தான, நல்லாப் பாரு. நட்டது எந்தப் பக்கம், சேறு எந்தப் பக்கம்? அம்மா வந்துனு இருக்குது."

அரிகிருஷ்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனார். நாற்பது வருஷம் நடவு பார்த்த கண். ஒரு தடவை நட்ட பயிரைப் பார்த்தார், ஒரு தடவை வெறும் சேற்றைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆறு" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே மாலையை எடுத்து அவரே போட்டார். நீலச் சட்டை மறையாமல் ஒதுக்கிப் போட்டார்.

கற்பூரம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டு, காக்கைக்குச் சோறு வைக்க வெளியே போனார்கள். சாமிநாதன் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய், பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு வந்தார்.

"இலைலதான் தண்ணி வச்சிருக்குதேப்பா" என்றாள் கல்பனா.

"அது படையலுக்கு வச்சது. இது வரப்பேறினதும் கேப்பா."

சொம்பைப் படத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.